இரண்டரை நிமிட வெறுங்காணி

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு நான் தலைவராய் வந்தது கெட்டித்தனத்தால் இல்லை. பொதுக்கூட்டத்தன்று மற்ற எல்லாரும் நண்டு வலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு எஞ்சின் பழுது. போய்க் கதிரையில் இருந்தேன், தலைவராய் எழும்பினேன்.

அந்தப் பதவியைச் சாட்டாக வைத்துத்தான் போன ஆவணியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தலைப்பு மூன்று மொழியில் இருந்தது: தீவக மேலைச் செவ்விசை ஒழுங்கமைப்புச் சபை. இனிமேல் சபை என்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் முழுப் பெயரையும் சொன்னால் பெட்டியில் கிடக்கிற மீன் பழுதாய்ப் போகும். ‘திருவாளர் ம. பஸ்ரியாம்பிள்ளை அவர்களைக் கரையோரச் சமூகப் பிரதிநிதியாக நியமித்துள்ளோம்’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் கரையோரம் என்ற சொல்தான் விளங்கியது. இழுவைப் படகுக்காரர் அறுத்துக்கொண்டு போன வலைக்குக் கடைசியில் யாரோ பதில் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். அறுந்த வலை பன்னிரண்டின் விபரத்தையும் எழுதி, வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு ஊர்காவற்றுறையில் இருந்த சபைக் கந்தோருக்குப் போனேன்.

சபையின் தலைவர் சிவபாதம். காணிக் கந்தோர் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் தலைமை லிகிதராய் இருந்தவர். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவருக்குச் சங்கீதத்தைக் கொடுத்துவிட்டார்கள். என் கடிதத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். பிறகு ஓரத்தில் ‘இசையுடன் தொடர்பற்றது, கோவையிலிடவும்’ என்று எழுதிச் செயலாளர் நாகமுத்துவிடம் நீட்டினார். என் வலைக் கடிதம் ஒன்றை முழுதாய் வாசித்த முதல் அதிகாரி அவர்தான். அந்த மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவோம் என்று இருந்தேன். என் பிழை அது.

“பஸ்ரியாம்பிள்ளை, நீர் புது ஆள்,” என்றார் சிவபாதம். “சபையின்ரை சாதனையைச் சொல்லுறன், கேளும். நாங்கள் எட்டு வருஷமாத் தீவுப்பகுதியிலை மேலைச் சங்கீதத்தை ஒழுங்குபடுத்துறம். இந்த எட்டு வருஷத்திலை ஒரு ஒழுங்கீனம் நடக்கேல்லை.”

“எத்தினை கச்சேரி நடந்தது ஐயா?”

“ஒண்டும் நடக்கேல்லை. அதாலைதான்.”

நாகமுத்து அதையும் கூட்டக் குறிப்பில் எழுதினார்.

இப்போது முதல் கச்சேரி வரப்போகிறதாம். கொழும்பிலிருந்து ஒரு சின்ன வாத்தியக் குழு. வயலின், ஆள் உயர வயலின், ஊதுகுழல் என்று பதினெட்டுப் பேர். நடுவில் பியானோ. அந்தப் பியானோவை வாசிக்கப் போகிறவள் யாரென்று பார்த்தால் எங்கள் அல்போன்சம்மாவின் மகள் ஜொய்சி. என் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கொழும்பில் ஒரு ஹோட்டலில் வாசித்துச் சம்பளம் எடுக்கிறாள். மேசைக்கு முன்னால், கதிரையின் நுனியில் இருந்தாள். அவளுக்கு முன்னால் பதினாறு பக்க விண்ணப்பம்.

“தொழில்?” என்று கேட்டார் சிவபாதம்.

“ஜாஸ் பியானோ வாசிக்கிறன்.”

“ஜாஸ் எண்டால்?”

“ஒரு பாட்டை எடுத்து, அதுக்கு மேலை அந்தந்த நேரத்திலை மனசிலை வாறதை வாசிக்கிறது ஐயா.”

சிவபாதம் பேனையை வைத்துவிட்டார். “மனசிலை என்ன வரும் எண்டு முதலே தெரியுமோ?”

“தெரிஞ்சால் பிறகென்னத்துக்கு வாசிக்கிறது?”

“ஆரிட்டை அனுமதி எடுக்கிறனீர்?”

“ஒருத்தரிட்டையும் இல்லை.”

“எத்தினை வருஷமா?”

“ஒன்பது.”

“ஒன்பது வருஷமா ஒருத்தரும் பிடிக்கேல்லையோ உம்மை?”

‘விண்ணப்பதாரி குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று நாகமுத்து எழுதினார். எனக்குப் பக்கத்தில் இருந்து எழுதினபடியால் நான் பார்த்தேன்.

ஜொய்சி பொறுமையாய் விளங்கப்படுத்தினாள். இந்தக் கச்சேரியில் ஜாஸ் இல்லை, பழைய காலத்து வியன்னா நகரத்து ஆள் ஒருவர் எழுதின இரண்டு கொன்சேர்ட்டோ. கொன்சேர்ட்டோ என்றால் பியானோவும் குழுவும் மாறி மாறி, சேர்ந்து சேர்ந்து வாசிப்பது. எல்லாம் தாளில் எழுதினபடி. அவள் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“ஒரேயொரு இடம் மட்டும் எழுதேல்லை ஐயா,” என்றாள். “இரண்டாவது கொன்சேர்ட்டோவிலை குழு எல்லாம் நிண்டிடும். அந்த இடத்தை அவர் வெறுமையா விட்டிருக்கிறார். பியானோக்காரர் தன்ரை கற்பனையிலை வாசிக்கவேணும் எண்டதுக்காக. கடென்ஸா எண்டு சொல்லுறது. இரண்டரை நிமிஷம் வரும்.”

காணிக் கந்தோரில் முப்பத்தாறு வருஷம் இருந்த மனுசனிடம் போய் ‘வெறுமையாய் ஒரு இடம் கிடக்கிறது’ என்று சொல்லலாமா? சிவபாதத்தின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் தீவுகளில் வெறுங்காணி ஒன்று கண்ணில் பட்டால் எத்தனை கந்தோர் பலகை நட ஓடிவரும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை அன்றைக்குத்தான் இவ்வளவு கிட்டப் பார்த்தேன்.

“எல்லை சொல்லும்,” என்றார்.

“என்ன எல்லை?”

“அந்த வெறும் இடத்தின்ரை எல்லை. வடக்கு?”

ஜொய்சி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். “குழு நிக்கிற இடத்திலை தொடங்கும்,” என்றாள். “நான் இரண்டு சுரத்தை மாத்தி மாத்தி உருட்டுவன். அப்ப குழு திரும்ப வரும். அதிலை முடியும்.”

“வடக்கே குழு நிற்குமிடம். தெற்கே உருட்டு. கிழக்கு மேற்கு?”

“ஐயா, இது நேரம். நிலமில்லை.”

“பிள்ளை, நான் பதினாலாயிரம் காணி உறுதி பார்த்தவன். நாலு எல்லை இல்லாத ஒண்டிலை நான் கையெழுத்து வைச்சதில்லை, வைக்கவும் மாட்டன்.”

நாகமுத்து ஒரு யோசனை சொன்னார். கிழக்கே இடதுகை, மேற்கே வலதுகை. சிவபாதம் அவரைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் வாசிக்கிறவர் தெற்குப் பக்கம் பார்த்து இருந்தால்தான் இடதுகை கிழக்கே வரும். ஆகவே பியானோ தெற்கு நோக்கி வைக்கப்படல் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மண்டபத்தின் மேடை தெற்கில். சனம் வடக்கில் இருக்கும். பிள்ளை சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும். நான் அதைச் சொன்னேன்.

“முதுகு செவ்விசைக்குத் தடையில்லை,” என்றார் சிவபாதம்.

அடுத்ததாக, அந்த இடத்தை வேண்டுமென்றே வெறுமையாய் விட்டாரா, இல்லை எழுதி முடிக்காமல் விட்டாரா என்று கேட்டு அதை எழுதினவருக்கே கடிதம் போடத் தீர்மானித்தார்கள்.

“அவர் செத்து இருநூறு வருஷத்துக்கு மேலை ஐயா,” என்றாள் ஜொய்சி.

“சபைக்கு எழுத்திலை அறிவிச்சவரோ?”

வியன்னாவுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போனது. ஒரு மாதத்தில் ‘ஆள் இல்லை’ என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. ‘உரிமையாளர் வேண்டுமென்றே விசாரணையைத் தவிர்க்கிறார்’ என்று கோவையில் ஏறியது.

கடைசியில் முடிவு இது. அந்த இரண்டரை நிமிஷத்தில் மனதில் என்ன வரப்போகிறது என்பதை விண்ணப்பதாரி முன்கூட்டியே மூன்று பிரதியில் எழுதித் தரவேண்டும். சபை அதில் முத்திரை குத்தும். மண்டபத்தில் யாராவது முத்திரை குத்தின தாளிலிருந்து விலகினால் மணி அடிக்கப்படும். மூன்றாவது மணியோடு விலகியவரின் ஒலிவாங்கியோ வாத்தியமோ நிற்கும். விலகியவர் மேடையால் இறங்கவேண்டும். ஐந்து வருஷத்துக்கு மாகாணத்தில் எந்த மண்டபத்திலும் ஏற முடியாது. மணியடிக்கிற அதிகாரம் கரையோரச் சமூகப் பிரதிநிதிக்கு மட்டுமே.

“எனக்கோ?” என்றேன். “எது எழுதினது எது எழுதாதது எண்டு எனக்கெப்பிடி ஐயா தெரியும்? நான் கோயிலிலை வாசிக்கிற ஓகனைத் தவிர ஒண்டும் கேட்டதில்லை.”

“தெரியாத ஆள்தான் வேணும்,” என்றார் சிவபாதம். “தெரிஞ்ச ஆளை விட்டால் அவர் கேக்கத் தொடங்கிடுவார்.”

அந்த மணிக்கு ஒரு பயிற்சிப் பட்டறை வேறு வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்து போனில் பாட்டுப் போட்டுக் காட்டினார். இடையில் அவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்து போன் வேறு மாதிரிச் சத்தம் போட்டது. நான் மணியை அடித்தேன். மற்றவர்கள் எல்லாரும் அதையும் பாட்டு என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நூற்றுக்கு நூறு. ‘விலகல் அறிதலில் தேர்ச்சி’ என்று சான்றிதழும், தின்ன இரண்டு றோல்சும், ஒரு பித்தளைக் கைமணியும் தந்து அனுப்பினார்கள்.

பின்னேரம் அல்போன்சம்மா வளவில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு மேலால் என்னைக் கண்டதும் தொடங்கிவிட்டாள்.

“என்னண்ணை, என்ரை பிள்ளைக்கு மணி அடிக்கப் போறியளாம். செத்தவீட்டு மணியோ, பூசை மணியோ?”

“நான் கேட்டு வாங்கினதில்லை அல்போன்சம்மா.”

“கேக்காமல் குடுத்தால் வாங்கிறதோ? பேணியிலை நஞ்சைக் குடுத்தாலும் தேத்தண்ணி எண்டு குடிப்பியளோ?”

ஜொய்சி படியில் இருந்தாள். குழுவுக்கு முன்னால் நின்று கோல் பிடிக்கிற மனுசன் அவளுக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறாராம். அந்த இடத்துக்கென்று வேறு ஆட்கள் எழுதி அச்சடித்தது கடையில் இருக்கிறதாம். அதில் ஒன்றை வாங்கி வாசித்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. சபையும் முத்திரை குத்தும்.

“நல்ல யோசனைதானே,” என்றேன்.

“மாமா, ஒன்பது வருஷம் சனம் சூப்புக் குடிக்கேக்கை வாசிச்சனான். நல்லா வாசிச்சாலும் திரும்பிப் பாக்காதுகள், பிழைச்சாலும் திரும்பிப் பாக்காதுகள். இஞ்சைதான் முதல்முதலாச் சனம் சாப்பிடாமல் இருந்து கேக்கப்போகுது. மற்றதெல்லாம் அந்த வியன்னா மனுசன் எழுதினது. ஒரு புள்ளி பிசகாமல் வாசிப்பன். அந்த இரண்டரை நிமிஷம் மட்டும் அவரே என்னட்டை விட்டது. அதையும் வேறை ஆரோ எழுதினதைப் பாத்து வாசிச்சிட்டுப் போறதெண்டால், நான் ஏன் வரவேணும்? ஒரு றெக்கோட் தட்டை அனுப்பியிருக்கலாமே.”

“ஐஞ்சு வருஷம் ஏறேலாது எண்டு எழுதியிருக்கு.”

“தெரியும்.”

“நான் மணி அடிக்கமாட்டன் எண்டு நம்பி வாசிக்காதை. நான் ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கிறேல்லை.”

“நீங்கள் தரவேண்டாம்,” என்றாள். “நான் கேக்கேல்லையே.”

பிள்ளைக்கு நாக்கு தாயின் நாக்கு.

அடுத்த கூட்டத்தில் அவள் மூன்று பிரதியையும் கொண்டுவந்து வைத்தாள். சுரம் எழுதுகிற கோடு போட்ட தாள். கோடு மட்டும்தான் இருந்தது. ஒரு சுரமும் இல்லை. கீழே கையெழுத்தும் திகதியும். எரிச்சலில்தான் செய்தாள். திருப்பி எறிவார்கள், சண்டை பிடிக்கலாம் என்று வந்திருந்தாள்.

சிவபாதம் தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மற்றப் பக்கத்தையும் பார்த்தார். நாகமுத்துவிடம் கொடுத்தார். நாகமுத்து அடிமட்டம் வைத்துக் கோடுகளை அளந்தார்.

“வடிவான வேலை,” என்றார் சிவபாதம். “எட்டு வருஷத்திலை என்ரை கைக்கு வந்த பிரதியளிலை ஒரு பிழை கூட இல்லாதது இதுதான்.”

மூன்று பிரதியிலும் முத்திரை குத்தினார்கள். அங்கீகரிக்கப்பட்டது. ஜொய்சி வாயைத் திறந்தபடி நின்றாள். இப்போது சட்டப்படி அவள் அந்த இரண்டரை நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். பியானோவில் ஒரு கட்டையைத் தொட்டாலும் விலகல்.

“ஐயா, சனம் என்னத்தைக் கேக்கிறது?” என்றாள்.

“ஒழுங்கை,” என்றார் சிவபாதம்.

கச்சேரி சனியும் ஞாயிறும் என்று வைத்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. புங்குடுதீவிலிருந்து இரண்டு வான் நிறையச் சனம். எழுவைதீவுச் சனம் வள்ளத்தில் வந்து இறங்கியது. கோயில் உடுப்பு, பவுடர், தலைக்குப் பூ. ஜொய்சி சொன்னது சரி. ஒருவர் கையிலும் சாப்பாடு இல்லை.

எனக்கு முன்வரிசையில் தனி மேசை. வெள்ளைத் துணி, தண்ணீர்க் கிளாஸ், மணி, ஒரு கோவை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒலிக்க அனுமதி பெற்ற எல்லாம் கோவைக்குள் வரிசையாய் முத்திரையோடு இருந்தது. வரவேற்புரை, தலைவர் உரை நான்கு பக்கம், முதல் கொன்சேர்ட்டோ, இரண்டாவது கொன்சேர்ட்டோ, அதற்கு நடுவில் ஜொய்சியின் வெறுந்தாள், கடைசியில் நன்றியுரை. இருமல்கூட ஒரு பக்கத்தில் இருந்தது: ‘தவிர்க்கவும்’.

சிவபாதம் தன் நான்கு பக்கத்தையும் வாசித்தார். நான் விரலை வைத்து வரிவரியாய்ப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு சொல் பிசகவில்லை.

“சங்கீதம் என்பது சுதந்திரம் என்று சிலர் கூறுவர்,” என்று வாசித்தார். “அது கேட்டுப் பழகியவர்களின் கூற்று. நான் இதுவரை ஒரு கச்சேரியையும் கேட்டதில்லை. ஆகவே பக்கச்சார்பின்றிக் கூறுகிறேன். கேட்பவர் இல்லாவிட்டாலும் சங்கீதம் நடக்கும். வாசிப்பவர் இல்லாவிட்டாலும் நடத்தலாம். சபை இல்லாவிட்டால் நடக்காது.”

சனம் கைதட்டியது. முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினார்கள். இன்னும் இரண்டு பக்கம் இருந்தது.

பிறகு வாத்தியக் குழு தொடங்கியது. ஜொய்சியின் முதுகைத்தான் கண்டோம். முதல் கொன்சேர்ட்டோ ஒரு குறையும் இல்லாமல் போனது. அதில் அந்த வியன்னா மனுசன் எல்லா இடத்தையும் தானே எழுதி நிரப்பி வைத்திருந்தாராம். ஒரு பகுதி முடிய எழுவைதீவுச் சனம் கைதட்டினது. ‘பகுதிகளுக்கிடையே மகிழ்ச்சி அனுமதிக்கப்படவில்லை’ என்று நாகமுத்து ஒலிவாங்கியில் அறிவித்தார். பார்த்தேன், அதுவும் கோவையில் இருந்தது.

இரண்டாவது தொடங்கினது. நான் மணியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். குழு ஏறி ஏறி வந்து, ஒரு இடத்தில் எல்லாருமாய் ஒரே சத்தத்தைப் பிடித்து நின்றார்கள். பிறகு அதுவும் நின்றது. வில்லுகளை மடியில் வைத்தார்கள். கோல் பிடிக்கிற மனுசன் கோலைக் கீழே விட்டார்.

ஜொய்சியின் கை மடியில் கிடந்தது.

மண்டபம் அமைதியாய் இருந்தது. மேலே காற்றாடி மட்டும் சுற்றியது. சிவபாதம் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அவர் கேட்க வந்த சங்கீதம் அதுதான்.

எத்தனை நேரம் என்று தெரியாது. பின்வரிசையில் அல்போன்சம்மா தொண்டையைச் செருமினாள். அப்போது ஜொய்சியின் வலதுகை மேலே போனது. ஒரு சுரம். பிறகு இன்னொன்று. முதலில் வாசித்த பாட்டுத்தான், ஆனால் நடை மாறியிருந்தது. பிறகு இடதுகையும் வந்தது. அந்த இடதுகை முழுப் பாட்டையும் பிடித்து வேறு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது.

“மணி!” என்றார் சிவபாதம் மெதுவாய்.

நான் கோவையைத் திறந்து வெறுந்தாளை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன்.

“மணியை அடியும் எண்டுறன்!”

“பொறுங்கோ ஐயா. தாளோடை பொருத்திப் பாக்கிறன்.”

“தாளிலை ஒண்டுமில்லையே!”

“அதுதான் ஐயா. ஒண்டுமில்லாத ஒண்டிலையிருந்து எப்பிடி விலகிறது? எனக்குத் தந்த சான்றிதழ் இதுக்குப் போதாது போலை கிடக்கு.”

அவர் எழும்பி வந்து மணிக்குக் கை நீட்டினார். நாகமுத்து அவருடைய சேட்டுக் கையைப் பிடித்துவிட்டார். “ஐயா, உறுப்புரை பன்னிரண்டு. பிரதிநிதியைத் தவிர ஆரும் மணியைத் தொடேலாது.”

“அதை ஆர் எழுதினது?”

“நீங்கள் ஐயா.”

ஜொய்சி நிற்கவில்லை. குழுவில் இருந்த ஊதுகுழல்காரன் சிரித்துக்கொண்டு தலையாட்டினான். சிவபாதம் கையை உதறி விடுவித்துக்கொண்டார். விறுவிறென்று மேடையில் ஏறினார். ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

“நிப்பாட்டு!” என்றார். “இது சட்டவிரோத வாசிப்பு! இந்தப் பெட்டையை இறக்குங்கோ! ஐஞ்சு வருஷமில்லை, பத்து வருஷம்! இது என்ரை மண்டபம், என்ரை சபை, இஞ்சை என்ரை சொல்லில்லாமல் ஒரு சத்தம்...”

நான் கோவையில் தலைவர் உரையை எடுத்தேன். நான்கு பக்கமும் புரட்டினேன். நன்றியுரையையும் பார்த்தேன். எங்கேயும் அந்தச் சொற்கள் இல்லை. ஒரு வரி இல்லை. ஒரு முத்திரை இல்லை. மனதில் வந்ததை அந்தந்த நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தார், மனுசன்.

நான் எழும்பி நின்று மணியை அடித்தேன்.

ஜொய்சியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. முதுகு இறுகினது. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மணியைச் சிவபாதத்துக்கு நேரே நீட்டி இரண்டாம் தரம் அடித்தேன். அவள் விளங்கிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். மூன்றாவது மணி அடிக்க முதலே அந்த மணிச் சத்தத்தைப் பியானோவில் தேடிப் பிடித்துவிட்டாள். நான் அடித்தேன், அவளும் அதே சத்தத்தை அடித்தாள். பிறகு அதைச் சுற்றி வைத்து வாசிக்கத் தொடங்கினாள்.

மூன்று மணி கேட்டால் ஒலிவாங்கியை நிற்பாட்ட வேண்டுமென்று சபை யாகப்புவுக்கு எழுத்தில் கட்டளை கொடுத்திருந்தது. யாகப்பு அந்த மண்டபத்துக் கரண்டு வேலைக்காரன். கட்டளையை மீறுகிற ஆளில்லை. நிற்பாட்டினான். சிவபாதத்தின் வாய் மட்டும் திறந்து மூடியது.

“பியானோவையும் நிப்பாட்டச் சொல்லும்!” என்று கத்தினார்.

“அதுக்குக் கரண்டில்லை ஐயா,” என்றான் யாகப்பு. “அது சும்மா பலகையும் கம்பியும்.”

விலகியவர் மேடையால் இறங்கவேண்டும் என்று நாகமுத்து எடுத்துச் சொன்னார். எடுத்துச் சொல்லும்போது அவருக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சிவபாதம் இறங்கினார். சபையைப் பக்க அறைக்குக் கூப்பிட்டு என்னை நீக்க அவசரக் கூட்டம் வைத்தார். கூட்டத்துக்கு ஐந்து பேர் வேண்டும். நான் இல்லாமல் நான்கு பேர். நாகமுத்து வந்து என் காதில் கேட்டார்.

“அண்ணை, உங்களை நீக்கவேணும், ஒருக்கா வாறியளோ?”

“இப்ப ஏலாது. கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

இரண்டரை நிமிஷம் என்று சொன்னவள் பதினொரு நிமிஷம் வாசித்தாள். பிறகு அந்த இரண்டு சுரத்தையும் உருட்டினாள். கோல் மேலே போனது, குழு எல்லாம் ஒன்றாய் வந்து விழுந்தது. எழுவைதீவுச் சனம் எழும்பி நின்று கைதட்டியது. மகிழ்ச்சி அனுமதிக்கப்படவில்லை என்று சொல்ல ஒலிவாங்கி இல்லை.

வலை அறுந்த விஷயத்துக்கு ஒன்றரை வருஷமாய்ப் பதில் வராத நாட்டில், சபையின் கடிதம் இரண்டு மணித்தியாலத்தில் வந்தது. ஜொய்சிக்குப் பத்து வருஷத் தடை. மாகாணத்தில் சபைக்குட்பட்ட எந்த மண்டபத்திலும் ஏற முடியாது. ஞாயிறு நிகழ்ச்சி ரத்து. கச்சேரி முடிய நானும் போய் ஐந்தாவது ஆளாய் இருந்தபடியால் என் பதவியும் ரத்து. அதைத் தனித் தாளில் எழுதியிருந்தார்கள்.

அல்போன்சம்மா கடிதத்தை வாசித்துவிட்டு மடித்தாள். “பத்து வருஷம் எண்டால் நான் இருக்கமாட்டன்,” என்றாள். அந்த மனுசி அழுது நான் கண்டதில்லை. அன்றைக்கும் அழவில்லை. குரல்தான் கொஞ்சம் கீழே போனது.

நான் கடிதத்தை வாங்கி இன்னொரு தரம் பார்த்தேன். மண்டபம் என்றால் என்ன என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்: நான்கு சுவரும் கூரையும் உடைய கட்டடம்.

எங்கள் சங்கத்து மீன் ஏலக் கொட்டிலுக்குக் கூரை இருக்கிறது. சுவர் ஒன்றும் இல்லை. சபையிலிருந்துதான் என்னை நீக்கினார்கள், சங்கத்துக்கு நான் இன்னும் தலைவர். பூட்டுத் திறப்பு என்னிடம். திறக்கக் கதவும் இல்லை.

ஞாயிறு பூசை முடிய நாலு பேர் நிலத்தை மூன்று தரம் கழுவினோம். மணம் போகவில்லை. லொறியிலிருந்த பியானோவைக் கொண்டுவந்து இறக்கினோம். இந்த முறை சனத்துக்குப் பக்கம் பார்த்து வைத்தோம். பதினெட்டுப் பேரில் நான்கு பேர் சபைக்குப் பயந்து வந்த வானுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். பதினான்கு பேர் மீன் பெட்டியில் இருந்து வாசித்தார்கள்.

பாதியில் சிவபாதமும் நாகமுத்துவும் அளவுநாடாவோடு வந்தார்கள். சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

“சுவர்?” என்று கேட்டார் சிவபாதம்.

“இல்லை ஐயா. கடல்தான் கிடக்கு.”

“கடலை ஒரு பக்கச் சுவராக் கொள்ளேலாதோ?”

“கொண்டாலும் மற்ற மூண்டும் வேணும் ஐயா.”

சிவபாதம் போய்விட்டார். நாகமுத்து நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டிக்கு மேல் ஏறி இருந்தார்.

அந்த இடம் வந்தது. குழு நின்றது. ஜொய்சி முதல் நாள் வாசித்ததை வாசிக்கவில்லை. முழுக்க வேறு. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாய்த்தான் இருந்தது, மற்றதைப் பாதி பழகியிருந்தேன்.

முடிந்த பிறகு என்னிடம் வந்தாள். வேர்த்து ஒழுகினது. முகம் மட்டும் இரண்டு நாளும் தூங்கி எழும்பினவள் மாதிரி இருந்தது.

“மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. எப்பிடி?”

“எனக்குப் பாதி பிடிக்கேல்லை,” என்றேன்.

அவள் சிரித்தாள். “எந்தப் பாதி?”

“அதை எழுத்திலை தரமாட்டன்.”